மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு பாறை

ஐப்பசி, சனிக்கிழமை இரவு

காலையில் ஜீப்பில் நடந்தது இன்னும் மனசில் உறுத்துகிறது. சுகர் மாத்திரையை வீட்டில் விழுங்கிவிட்டு, சோற்றை ஏலக்காய்த் தோட்டம் போய்த்தான் தின்பேன். காய் பறிக்கப் போகிற எல்லோருக்கும் அங்கே போய்ச் சாப்பிடுவதுதான் வழக்கம். இன்று போடிமெட்டுப் பாதையில் பாறை சரிந்து ஜீப்பு நின்றுவிட்டது. சோற்றுத் தூக்குச்சட்டிகளெல்லாம் ஜீப்பின் மேலே கட்டிக் கிடந்தன. வெறும் வயிற்றில் மாத்திரை சுகரை இறக்கிவிட, எனக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"ஆத்தி, மறுபடியும் கொரோனாவா?" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்த என் நாத்தனார் செல்வியே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். இத்தனைக்கும் கொரோனா எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

"கொரோனா எப்பவோ போயிருச்சு. அப்ப பிடிச்ச சுகருதான் இன்னும் போகல. இனிப்பு எதுனாச்சும் கொடுங்க" என்று அதட்டினேன். டிரைவர் அண்ணன் கடலைமிட்டாய் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். பாறையை ஒதுக்கிப் பாதை விட்டதும் தோட்டம் போய், எல்லோருக்கும் சமமாகக் காயும் பறித்தேன்.

செல்வியோடு மட்டும் நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவளே என் கையைப் பிடித்தாள்.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. எனக்கும் கொரோனா வந்ததுல இருந்தே நாக்கு வறளுது, ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். உங்களப் பாத்ததும் மறுபடியும் அதுதானோன்னு பயந்துட்டேன்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இனி மாத்திரையும் என்னோடு மலையேறும், தூக்குச்சட்டி என் மடியில்தான் இருக்கும். நாளை லீவு. செல்வியை வெறும் வயிற்றோடு ரத்தத்தில் சுகர் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். இட்லி நான் கொண்டுபோகிறேன்.