மணிக்கட்டு அசையவில்லை

பிப்ரவரி 9, திங்கள்

கை இன்றும் முரண்டு பிடித்தது. வெற்றிட அறைக்குள் தோள் சரி, முழங்கை சரி. மணிக்கட்டு மட்டும், குளிர் மைனஸ் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கியதும், சிமெண்ட் போட்டது மாதிரி நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் மசகு இறுகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். அதை ஒத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

நிலவில் இறங்கும் கலத்தின் பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கப்போகும் இரண்டரை மீட்டர் இயந்திரக் கை. இறங்கியதும் நீண்டு, நுனிக் கரண்டியால் மண்ணை அள்ளி, கலத்தின் தலையில் இருக்கும் சின்ன உலைக்குள் கொட்ட வேண்டும். அள்ளுவதும் கொட்டுவதும் மணிக்கட்டு. மணிக்கட்டு என் வேலை. ஏழு வருடமாக.

திட்டத் தலைவியிடம் போய்ச் சொன்னேன்.

"பத்து தடவையில ஒரு தடவைதானே நிக்குது? நாம இறங்குறது பகல்ல. வெயில் இருக்கும்."

"வெயில் இருந்தா நிழலும் இருக்கும்."

"எழுத்துல குடுங்க."

திட்டத் தலைவி என் நாத்தனார். இவரின் ஒரே தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். மூன்று வருடமாக அவள் கீழேதான் குப்பை கொட்டுகிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் 'அண்ணி' வந்துவிடுகிறது. ஆபீசில் அவள் மேடம், நான் 'நீங்க'. இங்கே அவள் 'நீ'. ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் நாக்கை மாற்றிப் போடுவது?

மணிக்கட்டில் முதலில் ஒரு சூடேற்றி இருந்தது. எடையைக் காட்டி அதை எடுத்துவிட்டார்கள். அது இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றேன். அவள் தலைவியாக வந்த பிறகுதான் வரைபடத்திலிருந்து அது காணாமல் போனது. எடுத்தது யார் வேலை என்பது எனக்குத் தெரியாதா என்ன. அவள் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பேச வராதபோதெல்லாம் அவளுக்குத் தாகம் எடுக்கும்.

"வீட்ல ஆபீஸ் வேண்டாமே ரெண்டு பேரும்," என்றார் இவர். பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைப்பவர், தங்கை முன்னால் தன் வாயைத் திறப்பதே அபூர்வம்.

மார்ச் 4, புதன்

சூடேற்றியைத் திரும்ப வைக்கக் கேட்டு எழுதிய என் கடிதம் திரும்பி வந்தது. 'படித்தேன். ஏற்கவில்லை.' கீழே அவள் கையெழுத்து. முத்து முத்தாக.

மார்ச் 5, வியாழன்

அவள் எதிரே வந்ததும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 20, செவ்வாய்

ஏவியாயிற்று. அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

எழுதியே விடுகிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள்? கை அங்கே போய் நின்றுபோகட்டும் என்று நினைத்தேன். ஒரு முறை — இல்லை, மூன்று நான்கு முறை. அவள் முகம் எப்படி மாறும் என்றுகூடக் கற்பனை செய்து பார்த்தேன். ஏழு வருடம் சீராட்டிப் பாராட்டி வளர்த்ததை நானே... சீ. என்ன ஜென்மம் நான்?

நவம்பர் 10, செவ்வாய்

கலம் பத்திரமாக இறங்கியது. கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. கை இருக்கும் பக்கம் முழுக்க நிழல்.

நவம்பர் 11, புதன்

தோள் அசைந்தது. முழங்கை நீண்டது. மணிக்கட்டு அசையவில்லை. மைனஸ் நூற்று முப்பது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பிறகுதான் திரையில் கை பாதி நீண்டபடி, தரையைத் தொடாமல், யாரிடமோ எதையோ கேட்டுவிட்டு நிற்பதுபோல் நிற்பதைப் பார்த்தேன். குளுகுளுப்பு போய்விட்டது. அதற்கு என்ன தெரியும், எங்கள் வீட்டுச் சண்டை?

அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

நவம்பர் 12, வியாழன்

வழி நேற்றே தோன்றிவிட்டது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு மோட்டாருக்கு மட்டும் துளித்துளியாக மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள் சூடாகும். அந்தச் சூட்டில் மசகு இளகும். கொஞ்சம் கூடிப்போனால் சுருள் கருகிவிடும். பிறகு கை வெறும் கம்பி.

காலை ஒன்பதரைக்குப் போனேன். பதினொன்று வரை சொல்லவில்லை. வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் உதவாக்கரை யோசனை. அங்கே ஒவ்வொரு நிமிடமும் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

அவளே எழுந்து என் மேஜைக்கு வந்தாள்.

"உங்ககிட்ட ஏதோ இருக்கு. முகத்துல தெரியுது. என்ன வேணும், மன்னிப்பா? இத்தனை பேர் முன்னாடி கேக்குறேன். அந்தக் கைக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"உன் மன்னிப்பை நீயே வச்சுக்கோ."

ஆபீசில் முதல் முறையாக 'நீ'. எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு சொன்னேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்:

"கருகினா?"

"கருகினா என் பேரைப் போடு."

"என் பேர்தான் போகும். ஆரம்பிங்க."

நாலு மணி நேரம். யாரும் சாப்பிடப் போகவில்லை. மூன்றே காலுக்கு இரண்டு டிகிரி அசைந்தது. பிறகு ஐந்து. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, தானாகச் சுழன்றது. கரண்டி இறங்கி மண்ணைக் கீறியது. சாம்பல் நிறம், அரைக் கைப்பிடி இருக்கும். உலைக்குள் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் அழுதார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். அவளும் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 26, வியாழன்

பேட்டியில் 'குழுவின் முயற்சி' என்று சொல்லியிருக்கிறாள். குழுவாம்.

டிசம்பர் 9, புதன்

சூடேற்றி ஏன் இல்லாமல் போனது என்று விசாரணை. அறிக்கை எழுதும் வேலை எனக்கு. நானே கேட்டு வாங்கினேன். அவளை ஆதாரத்தோடு நிற்கவைக்க வேண்டும்.

பழைய கோப்பை எடுத்தேன். நாலு வருடம் முந்தையது. எடைக்குறைப்புப் பட்டியல், இருபத்திரண்டு இனங்கள். பதினேழாவது: மணிக்கட்டுச் சூடேற்றி, நீக்கலாம். கீழே ஒரே கையெழுத்து.

என்னுடையது.

தேதியைப் பார்த்தேன். இவருக்கு இதய ஆபரேஷன் நடந்த நாள். ஒரு மணி நேரம் மட்டும் ஆபீஸ் வந்து, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படித்தேனா? ஞாபகமே இல்லை. அந்த ஒரு மணி நேரம் ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தவள் அவள். அப்போது அவள் இந்தத் திட்டத்திலேயே இல்லை.

அவள் அறைக்குப் போய்த் தாளைப் போட்டேன்.

"தெரியுமா?"

"பொறுப்பு எடுத்த அன்னிக்கே எல்லாக் கோப்பையும் படிச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல? மூணு வருஷமா உன்னைத்தான் திட்டிட்டு இருக்கேன்."

"அது என்ன நாள்னு எனக்கும் தெரியும் அண்ணி. அந்த நாளை எடுத்து உங்களை அடிக்கச் சொல்றீங்களா?" தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "ஆனா உங்க கடிதத்தைத் தள்ளினது நான். வீம்புக்குத்தான் தள்ளினேன். ரெண்டையும் எழுதுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். இவள் யார் எனக்குத் தயவு பண்ண? நான் கேட்டேனா? ஆத்திரம் ஆத்திரமாக வருது. யார் மேலன்னுதான் தெரியல.

டிசம்பர் 14, திங்கள்

இரண்டையும் எழுதினேன். கொடுத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "அன்னிக்கு நீ ஆபீஸ் போனியா?" என்றார்.

ஜனவரி 18, திங்கள்

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவளைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த கலத்துக்கான கையில் முழங்கை அவளுக்கு. வேறு இடமில்லையாம், என் அறையிலேயே மேஜை போட்டிருக்கிறார்கள்.

காலையில் உட்கார்ந்த கையோடு, "அண்ணி, உங்க கணக்கு தப்பு," என்றாள்.

"தப்பில்ல. நீ ஒழுங்காப் பாரு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

மதியம் வரை சண்டை. வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மணிக்கு அவள் தன் டப்பாவைத் திறந்தாள், நான் என்னுடையதைத் திறந்தேன். கணக்குத் தாளின் மேல் குழம்பு சிந்தாமல் இருவரும் தள்ளித் தள்ளி வைத்துச் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.