எதிரிக்கு என்ன வேண்டும்

இன்று காலை லாட்ஜின் சாப்பாட்டு மேசையை நகர்த்திக் கூட்டும்போது பலகை இடுக்கிலிருந்து ஒரு பச்சைக் காப்பிக்கொட்டை விழுந்தது. கூட்டுகிற அம்மாவுக்கு அது குப்பை. எனக்கு அது ஒரு கொள்ளைக்காரன். உங்கள் விளையாட்டில் எதிரிகள் எல்லாருமே காப்பிக்கொட்டைகள்தானே. அதை எடுத்துக்கொண்டு வந்து வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். நேற்றைய விடுமுறைக் கூட்டத்தில் நின்ற கால்வலி இன்னும் போகவில்லை. அறை கேட்டு யாரும் வராத இந்த நேரத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எஸ்டேட் ஆபீசில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பழகிய ஒரு விளையாட்டை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ஒருவர் ஓர் உலகத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போக வேண்டும். வெட்டியது பட்டதா, தாவியது விழுந்ததா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்தினர் காலி செய்து போனதும் எங்கள் சாப்பாட்டு அறை நமக்காகிவிடும். கதை சொல்ல நீங்கள். ஆட நான், மருந்துக் கடை செல்வம், அவர் மனைவி அமுதா.

ஆரம்பத்தில் உங்கள் சண்டைகள் சுமார்தான். வெறும் குகை, அதில் ஓநாய்கள். நாங்கள் அடிப்போம், அவை அடிக்கும், கடைசி ஓநாய் சாகும்வரை பகடை உருளும். அமுதா கையில் போனை எடுத்துவிடுவார். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே வரைபடத்தைச் சுருட்டினீர்கள். "ஏனுங்க, இது சண்டை மாதிரியே இல்லீங்க. சம்பளத்துக்கு வேலை செய்யற மாதிரி இருக்குது" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு மேசைமேல் விரித்த வரைபடத்தில் ஒரு தொங்குபாலம் இருந்தது. கீழே அருவி. எங்களோடு உப்பு மூட்டை சுமந்த கழுதை. வந்த கொள்ளைக்காரர்களுக்கு எங்களைக் கொல்ல ஆசையில்லை, உப்புதான் வேண்டும். கழுதையின் கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் போதும் அவர்களுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பனிமூட்டம் ஒரு கட்டம் நெருங்கியது, ஒரு பலகை உடைந்தது. செல்வத்தின் வீரனுக்கு வாளை வீச நேரமில்லை, கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அமுதாவின் மந்திரக்காரி பனியை ஊதி விலக்கினாள். அடிபட்ட கொள்ளைக்காரர்கள் திரும்பி ஓடினார்கள். ஏன் ஓடவிட்டீர்கள் என்று செல்வம் கேட்டதற்கு, உப்புக்காக யார் உயிரை விடுவார்கள் என்றீர்கள். அன்று அமுதா போனைத் தொடவே இல்லை.

அப்புறம் உங்கள் ரத்தத்தில் நோய் வந்தது. உங்கள் அண்ணன் விவசாயத்தைப் போட்டுவிட்டு உங்களைச் சேலத்துக்கு அழைத்துப்போய் அழைத்துவந்தார். ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது மலைப்பாதை வளைவுகளில் குமட்டும் என்பதால் அடிவாரத்தில் இறங்கி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ் ஏறி வருவீர்கள். கதை சொல்லும் தெம்பு இல்லை என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தீர்கள்.

என் முதல் சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். மலை உச்சியில் ஒரு பெரிய மிருகம் வைத்தேன். அதன் பல், நகம், வால் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பலம் எழுதி வைத்திருந்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆட உட்கார்ந்த நீங்கள் பகடையைத் தொடாமல், "இதுக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டீர்கள். நான் பல்லின் பலத்தை மறுபடி படித்துக் காட்டினேன். அப்படியென்றால் நீங்கள் அடிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

மருத்துவர் இன்னொரு சுற்று மருந்து தரலாம், பலன் சந்தேகம்தான் என்று சொன்னபோது நீங்கள் வேண்டாம் என்றீர்கள். உங்கள் அண்ணன் என்னைத் தேடி இங்கேயே வந்தார். நீங்கள் என் பேச்சைக் கேட்பீர்கள், நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். அவர் குரலில் கோபமும் இருந்தது. நான் மாரமங்கலத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அங்கே உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "போராடோணும் கண்ணு, உட்டுறக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் சொல்ல வந்திருந்தேன்.

பெரியம்மா போனபின் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்: "எல்லாரும் சண்டை போடு, சண்டை போடுங்கறாங்க. சண்டைன்னா எதிரிக்கு ஏதாச்சும் வேணுமுங்க. கேக்கலாம், குடுக்கலாம், ஏமாத்தலாம், தொரத்தலாம். இந்த நோவுக்கு ஒன்னும் வேண்டாமுங்க. எனக்கு நொம்ப அலுப்பா இருக்குது."

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. வெளியே வந்தபோது வாசலில் உங்கள் அண்ணன் நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிளகுக் கொடிகள் பக்கம் நடந்து போய்விட்டார்.

அதன்பிறகு சில ஞாயிறுகள் நமக்குக் கிடைத்தன. செல்வம் காரில் உங்களை அழைத்துவருவார். பாதியில் தூங்கிவிடுவீர்கள். உங்கள் முறை வந்தால் அமுதா தோளைத் தொட்டு எழுப்புவார். மழைக்காலத்தில் ஒரு வாரம் கார் காலியாகத் திரும்பி வந்தது.

நீங்கள் போனபின் பல மாதம் நாங்கள் ஆடவில்லை. பிறகு ஆடத் தொடங்கியபோதும் எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. அப்படி ஒரு ஞாயிறு உங்கள் அண்ணன் வந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. நீங்கள் என்னதான் விளையாடினீர்கள் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அவருக்குப் பாத்திரமாக ஒரு கணவாய்க் காவல்காரனைக் கொடுத்தேன். அவர் பின்வாங்கவே இல்லை. செல்வம் கூப்பிட்டும் வராமல், தனியாக நின்று அடித்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஆள் விழுந்துவிட்டான். பகடையை என் பக்கம் நகர்த்தினார்.

"தோத்துட்டா என்னங்க பண்ணோணும்?"

"ஒன்னும் பண்ண வேண்டாமுங்கண்ணா" என்றார் அமுதா. "நீங்க உக்காருங்க. நாங்க தூக்கிட்டு வந்தர்றோம்."

ஜெயிக்க இருந்த சண்டையை விட்டுவிட்டு, அமுதாவும் செல்வமும் அந்தக் காவல்காரனை இழுத்துக்கொண்டு கணவாயைத் தாண்டினார்கள். அண்ணன் ஒவ்வொரு பகடைக்கும் முன்னால் குனிந்து பார்த்தார். தாண்டி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அமுதா டீயை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

இப்போது அண்ணன் வாராவாரம் வருகிறார். எனக்கு அலுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமையானால் தாளை விரித்துவிடுகிறேன். எதிரிக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்ட கேள்வியை ஓரத்தில் எழுதுகிறேன். அதற்கும் முன்னால், விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வழியை வரைந்துவிடுகிறேன்.