அக்கா போட்ட பென்சில் கோடு

மார்ச் 4, புதன்

தீவிலிருந்து கப்பலில் அக்காவின் கடிதம் வந்தது. வானிலை நிலைய வேலைக்குப் போய் ஏழு மாதத்தில் இதுதான் முதல் கடிதம். "ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ரேடியோல காத்திருப்பேன். மூணு ஞாயிறுதான். அப்புறம் புயல் காலம், ஏரியல் கம்பத்தை இறக்கிடுவாங்க." அவ்வளவுதான். அம்மாவை என் தலையில் கட்டிவிட்டு ஓடுகிறாய் என்று அவள் கிளம்பிய அன்று நான் கத்தினேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயால்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அவள் விட்டுப்போன ரேடியோ செட்தான், வீடு மாறியபோது பத்திரமாகத் தூக்கிவந்தது. செட்டிலிருந்து, செட்டையும் ஏரியலையும் ஒத்துப்போக வைக்கும் ட்யூனர் பெட்டிக்கு ஒரு கேபிள்; ட்யூனரிலிருந்து மொட்டைமாடி ஏரியல் கம்பிக்கு இன்னொன்று. அனுப்பிய மின்சாரத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் ஊசி பாதிக்கு மேல் ஏறி நின்றது. இப்படியே பேசினால் செட் போய்விடும். நாலு மணி தாண்டிவிட்டது.

மார்ச் 11

ரேடியோ ரிப்பேர்காரர் பார்த்தார். "செட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவுல கேபிள் நீளம் சரியில்லம்மா. கொஞ்சம் கொஞ்சமா வெட்டிப் பாருங்க." வெட்டினேன். ஊசி அசையவில்லை. மறுபடி வெட்டினேன்.

"பேசாம முடிவெட்டுற கடை வச்சிடு" என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 15, ஞாயிறு

போச்சு. இதுவும் போச்சு. அவள் குரல் எனக்குக் கேட்கிறது! பத்து நிமிடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஊசி இறங்காமல் பதில் சொல்ல முடியவில்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாளோ?

மார்ச் 19

ஒரு முழம் கேபிள்தான் மிச்சம். ட்யூனரைச் செட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி மாட்டினேன் — ஊசி அதே இடம். ரிப்பேர்காரரிடம் பன்னிரண்டு மீட்டர் சுருள் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அதே இடம்! அப்படியானால் குற்றம் நீளத்தில் இல்லை.

ட்யூனரின் இரண்டு குமிழ்களை நான் தொட்டதே கிடையாது. அக்கா பென்சிலால் கோடு போட்டு நிறுத்திவைத்தவை. அவள் வைத்ததைக் கலைக்க மனம் வரவில்லை. ஆனால் அது பழைய வீட்டுக் கம்பிக்குப் போட்ட கோடு. இது வேறு வீடு, வேறு கம்பி. மக்கு, மக்கு!

குமிழ்களைத் திருப்பினேன். ஊசி மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. சுருளைக் கழற்றி ஒரு முழத்தை மாட்டினேன். பூஜ்யம். மெய் சிலிர்த்துவிட்டது. செட்டையும் கம்பியையும் ட்யூனர் சேர்த்துவைத்துவிட்டால் அதற்கு முன்னால் எத்தனை நீளம் இருந்தாலும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அத்தனை சுற்றும் ஓடி, துளிகூடத் திரும்பாமல் வெளியே போகிறது. என் மேசையிலிருந்து!

மார்ச் 20

மாடிக்கு மூன்று தடவை போய்க் கம்பியைப் பார்த்தேன். "அதுல என்ன, காக்கா முட்டையா போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

மார்ச் 22, ஞாயிறு

பேசிவிட்டேன். ஒரு குண்டு பல்பு எரிகிற மின்சாரம்தான். அதில் ஏறி என் குரல் அத்தனை கடலையும் தாண்டியிருக்கிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

"மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"சரியா கேக்கல. திரும்பச் சொல்லு."

சொன்னேன்.

"ஒரே இரைச்சல். இன்னொரு தடவை."

யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய அலைவரிசையில், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் அன்னிக்குப் பேசினது தப்பு, மன்னிச்சிடுக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மொதல் தடவையே தெளிவா கேட்டுச்சுடி."