மழையில் நனைந்த மஞ்சள் துண்டு

அக்கா,

இன்று காலை பெருங்களத்தூரில் சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நான், பால்கனிக் கொடியில் உங்கள் மஞ்சள் துண்டு நனைவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் எடுக்கத் தெம்பில்லை.

அப்போது கொரோனா ஊரடங்கு நேரம். வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு எங்கள் தெருவில் சில பேர் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தோம். எதிர் அபார்ட்மெண்டின் இரண்டாம் மாடி என் பொறுப்பு. எழுபது தாண்டியும், "பாட்டின்னு கூப்ட்டியோ, கயிறே எறக்க மாட்டேன்" என்று மிரட்டி அக்கா ஆனவர் நீங்கள். கயிற்றில் கட்டைப்பை இறங்கும்; சாப்பாடும் பிரஷர் மாத்திரையும் ஏறும். மறுநாள் மேலேயிருந்து சத்தம் வரும்: "ரசத்துல உப்பக் காணோமே, அதுக்கும் லாக்டவுனா?"

காது மந்தம் என்பதால் உங்களுக்குப் போன் சரிப்படவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் பால்கனியில் மஞ்சள் துண்டு தொங்கினால் நீங்கள் நலம்.

ஒரு நாள் விடியும்போதே மழை கொட்டியது. துண்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சரி என்று அடுப்படிக்குப் போனபின்தான் உறைத்தது. ஒரு தூறல் விழுந்தாலே, "துணிய எடுங்கடி!" என்று தெருவையே எழுப்புகிற மனுஷி, தன் துண்டை நனையவிடுவாரா? வாட்ச்மேனிடம் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் அனலாய்க் கிடந்தீர்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கையை நான் விடவில்லை. பயந்தே செத்தேன் அக்கா.

பிழைத்து வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். நீங்களோ சிரித்தீர்கள்.

"காலைல எழுந்துக்க முடியுமோ முடியாதோ... நீ பயந்துடுவியேன்னுதான் ராத்திரியே போட்டுட்டேன்."

"நல்லா இருக்கே நியாயம்! நாங்க பயப்படத்தானேக்கா அந்தத் துண்டே?"

"சரி சரி, விடுடி. காபி போடு."

அதற்குப் பின்னும் சில வருடங்கள் எங்களை அதட்டிக்கொண்டு இருந்தீர்கள். போன கார்த்திகையில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். "குரல் ஒரு மாதிரி கீதேம்மா" என்று மெட்ராஸ் பாஷையில் கிண்டலாகக் கேட்டாள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். பிள்ளை பயந்துவிடுமே என்றுதான். நானும் ராத்திரியே துண்டைப் போட்டுவிட்டேன், பார்த்தீர்களா?

கொடியில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, சற்றுமுன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன்.

"காய்ச்சல்மா. எழுந்துக்க முடியல. கெளம்பி வா."