கருக்குச் சீவாத மட்டை

அன்பு மச்சான் செல்வத்துக்கு,

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீ ஒன்று கேட்டாய்: "ராசனுக்கு ஆரும் சொல்லிப்போட்டினமோ?" "இல்லை, நீ படு" என்றேன். எழுபது வருசம் கழித்தும் அதுதானா உன் நெஞ்சில் நின்றது?

உன் பேத்தி இங்கே ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் மைதானத்தில் உதைபந்து விளையாடுகிறாள். உதை படாமல் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் காப்புத் தகடு. அவளுக்கு எங்கள் காலத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிகள் வெறுங்காலோடு ஆடிய ஐம்பதுகள். முன்னெலும்பைக் காக்கப் பனைமட்டைத் துண்டை வைத்துச் சீலையால் சுற்றிக் கட்டுவோம். மட்டையின் ஓரத்தில் வாள்பல் மாதிரிக் கருக்கு இருக்கும். அதைச் சீவிவிட்டுத்தான் கட்டவேண்டும். மீதியை அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு வருசம், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரணி ராசனின் முழங்கை உன் இரண்டு பல்லைக் கொண்டுபோனது. இரத்தத்தைத் துப்பிவிட்டு ஓடினாய். அதற்குப் பிறகு நாங்கள் விளையாடியது பந்தா? ஒருவனுக்கு விலா எலும்பு போனது, இன்னொருவனுக்கு மூக்கு. "காலை முறிச்சுப் போடடா" என்று சனம் கத்தியது. எங்களுக்கு அது இனித்தது.

இறுதியாட்டத்தில் மறுபடி ராசன். கருக்குச் சீவாத மட்டையோடு நீ இறங்கினாய். முட்கம்பி வேலியோரமாக அவன் பந்தோடு ஓட, காலை வீசி இழுத்தாய். கருக்கு சீலையைத் துளைத்து இறங்க, அவன் சதை கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வேலிக் கம்பி வெட்டியதென்று நடுவர் முதல் அவன் தாய் வரை நம்பினார்கள். நாங்கள் உன்னைத் தோளில் தூக்கினோம். ராசன் பிறகு நேராக நடக்கவேயில்லை. ஒஸ்லோவுக்கு வந்த பிறகும், கோயிலில் அவனைக் கண்டால் நீ மற்ற வாசலால் போய்விடுவாய்.

நீ செத்த எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள், ராசனைத் தேடி ஸ்டோவ்னருக்குப் போனேன். ராசன் தன் மகள் வீட்டில் கைத்தடியோடு இருந்தான்.

"உன்ர காலைக் கிழிச்சது கம்பியில்லை. செல்வத்தின்ர மட்டை. அவன் கருக்குச் சீவேல்லை."

ராசன் கைத்தடியை என் பக்கம் நீட்டினான். "சீலை சுத்தினது ஆர்? உங்கட ரீமில எல்லாருக்கும் கட்டுப் போடுறது கோலுக்கு நிண்ட நீயெல்லோ?"

முப்பது வருசம் வாத்தியாராக இருந்து, வகுப்பில் அடித்தவனோடு தடி எடுத்துக் கொடுத்தவனையும் எழுப்பி நிறுத்தியவன் நான்.

"ஓம். தெரிஞ்சுதான் கட்டினனான்."

கைத்தடியைத் தூக்கி என் முன்னெலும்பில் அடித்தான். இன்னொருமுறை. மகள் ஓடிவந்து பிடித்தாள்.

"செத்தவனில சாட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்தனீயோ, வாத்தி? அடுத்த கிழமையும் வா. நான் இன்னும் முடிக்கேல்லை."

கால் வீங்கித்தான் இருக்கிறது, மச்சான். ஆனாலும் போவேன். உன் பேத்திக்கும் மீதியைச் சொல்வேன், என் பங்கிலிருந்து தொடங்கி. இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிய மச்சான்,
குணம்

இதை வாசிப்பவர்களுக்கு: ஒரு பழைய பிழையைச் சொல்லப் போகும்போது, முதல் வசனத்தை 'நான்' என்று தொடங்கிப் பாருங்கள்.