ஞாயிறு தவறாமல் பாருக்குப் போனவர்

13-3-2016, ஞாயிறு

தண்ணீர் நல்ல தெளிவு. பதினேழு மீட்டர், ஐம்பத்திரண்டு நிமிடம். கிழக்குப் பக்கப் பொந்தில் பெரிய கலவா மீன் இருந்தது. என்னைக் கண்டதும் வழக்கம்போல் வாயைப் பிளந்து காட்டிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டது. இரண்டு வருடமாக எனக்கு இதே மரியாதைதான்.

அபுதாபியில் பதினான்கு வருடம் கப்பலுக்கு அடியில் பாசி சுரண்டினேன். அது வயிற்றுப்பாடு. இங்கே மேஸ்திரி இல்லை, சுரண்ட ஒன்றுமில்லை, சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆறு நாள் கடையில் உட்கார்ந்து பிரிட்ஜ் சாமான் விற்கிறவனுக்கு ஏழாம் நாள் இது வேண்டியிருக்கிறது.

கடலடிப் பாறைத் திட்டு என்று நீட்டி முழக்காமல் கருக்களாச்சேரி மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். படகுக்காரன் செம்பியன் சொல்லிச் சொல்லி எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவன் என்னிடம் பிடித்துக்கொண்டது, காற்று சிலிண்டரைப் 'பாட்டில்' என்பது. அபுதாபியில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

25-2-2018, ஞாயிறு

ஒரே கலங்கல். கையால் தடவியே பாரைச் சுற்றி வந்தேன். ஜன்னத் கேட்டாள்: "ஒண்ணும் தெரியாத இடத்துல என்னத்தங்க பார்த்துட்டு வர்றீங்க?" கல்யாணமான நாளிலிருந்து இவள் கேள்விக்கு நான் எப்போது சரியான பதில் சொல்லியிருக்கிறேன்?

17-2-2019, ஞாயிறு

கஜா புயலுக்குப் பிறகு முதல் முறை. மூன்று மாதமாகப் போகவே பயமாக இருந்தது. தெற்கு முனை மணலில் புதைந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு நின்ற இரண்டு விசிறிப் பவளத்தைக் காணோம். மனசு ஆறவில்லை.

கிழக்குப் பொந்துக்குப் போனேன். கலவா இருக்கிறது! சந்தோஷத்தில் வாயில் குழாயோடு சிரித்துத் தொலைத்து ஒரு மடக்கு கடலைக் குடித்தேன்.

7-3-2021, ஞாயிறு

பாரில் ஐம்பது நிமிடம். எழுத ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

14-1-2024, ஞாயிறு

மகள் பஹீமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் பெயர் சஃப்வான், சென்னையில் வேலை. தகப்பனார் காஜா நஜ்முதீன், திருமலைராயன்பட்டினத்தில் ஜவுளிக் கடை. பார்மசி படிக்கும்போதே இதுகள் இரண்டுக்கும் பழக்கம் என்று ஜன்னத் இன்றுதான் சொன்னாள். "உங்களுக்கு மீனு மொகம்தான் தெரியும், மவ மொகம் எங்க தெரியுது?" என்றாள். நியாயம்தான். பஹீமாவிடம் நேராகவே கேட்டேன். "உங்க இஷ்டம் வாப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். ஓடிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

நம்மைப் பற்றி விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். நம்மிடம் என்ன இருக்கிறது?

4-2-2024, ஞாயிறு

காஜா நஜ்முதீன் போன் செய்தார். "பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போவட்டும்னு பாக்குறோம்." குரலே சரியில்லை. பஹீமா சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதால்கூடத் தேவலை.

6-2-2024, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது. யார் யார் வாய்க்கோ போய் ஜன்னத்திடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெண்ணின் தகப்பன் குடிகாரனாம்.

நானா? நானா குடிக்கிறேன்? அபுதாபியில் பத்து நாட்டுக்காரனோடு ஒரே அறையில் கிடந்தும் தொடாதவன் — நானா? எந்தப் பாவி சொன்னான்?

அதைவிட ஜன்னத் கேட்டதுதான் குத்திவிட்டது. "நெசமாச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கடலுக்குத்தான் போறீங்களா?" ஈரத் துணியை இவள்தானே பத்து வருடமாகத் துவைக்கிறாள்! கோபத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது. அவளே மறுபடி தட்டு வைத்தாள்.

11-2-2024, ஞாயிறு

சொன்ன பாவி செம்பியன்.

பாருக்குப் போகிற வழியில் அவனே பெருமையாகச் சொல்கிறான்: "பாய், பொண்ணு விஷயமா ஒருத்தரு வந்து உங்களப் பத்திக் கேட்டாரு. பட்டினத்துக்காரரு, மாப்பிள்ளைக்கு மாமா முறையாம். ஆபித்துன்னு பேரு சொன்னாரு. நல்லா எடுத்து வுட்டுருக்கேன்!"

"என்னடா சொன்ன?"

"அலாவுதீன் பாயா? பத்து வருஷமா நானும் அவரும் ஒண்ணாத்தான் பாருக்குப் போறோம், ஒரு ஞாயிறு தவற மாட்டாருன்னேன். உள்ள எறங்குனா பாட்டில் காலியாவுற வரைக்கும் வெளில வர மாட்டாரு. சில நாளு ரெண்டு பாட்டில். வெளில வந்தா நிக்க முடியாது, நான்தான் கையப் புடிச்சுத் தூக்கிப் போட்டுக் கொண்டாருவேன். ஆனா தங்கமான மனுசன், யாரு வம்புக்கும் போவ மாட்டாருன்னு சொன்னேன் பாய்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கிற காரைக்காலில் நின்றுகொண்டு பார், பாட்டில் என்று அடுக்கினால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? விளக்கிச் சொன்னேன். செம்பியன் தலையில் அடித்துக்கொண்டான். இன்று தண்ணீருக்குள் இறங்கவே இல்லை, படகைத் திருப்பச் சொல்லிவிட்டேன்.

13-2-2024, செவ்வாய்

காஜா நஜ்முதீன் வீட்டுக்குப் போனேன். பார் கடலுக்கு அடியில் இருக்கிறது என்றேன்.

"கடலுக்கு அடியிலயுமா பார் தொறந்துட்டானுவொ நம்ம ஊர்ல?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

பாரில் நான் எடுத்திருந்த வீடியோவைப் போனில் போட்டுக் கொடுத்தேன். நாற்பது நிமிடமும் முழுசாகப் பார்த்தார். தேநீரில் ஆடை கட்டிவிட்டது. கலவா வாயைப் பிளந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிட்டோம் பாய், மன்னிச்சிருங்க" என்றார். நிச்சயம் பேசலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு இழுத்தார். "எனக்கு வெளங்கிருச்சு. ஊருக்கு எப்படி வெளங்க வைக்கிறது? வீடு வீடாப் போயி வீடியோ காட்ட முடியுமா? பேரு ஒரு தரம் கெட்டுச்சுன்னா கெட்டதுதான். இனிமே அந்தப் பக்கமே போவாம இருந்துட்டீங்கன்னா..."

"விட்டுடுறேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. மகளைவிடவா பாறை?

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று உறைத்தது.

18-2-2024, ஞாயிறு

சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. தெருவை இரண்டு முறை சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு மற்ற மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள்?

17-3-2024, ஞாயிறு

நோன்பு. எப்படியும் இந்த மாதம் இறங்க மாட்டேன். அதனால் வலி கொஞ்சம் குறைவு.

21-4-2024, ஞாயிறு

பெருநாள் முடிந்து பத்து நாள். ஏன் கடலுக்குப் போகவில்லை என்று பஹீமா கேட்டாள். காது வலி என்று சொல்லிவைத்தேன். பார்மசி படித்தவளிடம் சொல்கிற பொய்யா இது? சொட்டு மருந்தோடு வந்துவிட்டாள். நல்ல காதில் வேளைக்கு மூன்று சொட்டு விடுகிறாள். ஒருக்களித்துப் படுத்து வாங்கிக்கொள்கிறேன்.

26-4-2024, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பழக்கடைக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ்! உட்டுட்டீங்களாம்ல? ரெண்டு மாசமா அந்தப் பக்கமே போறதில்லையாம். அல்லாஹ் உங்களுக்கு இன்னும் உறுதியக் குடுக்கணும் பாய்!"

பின்னால் நின்ற இரண்டு பேர் ஆமீன் சொன்னார்கள்.

போனால் குடிகாரன், போகாவிட்டால் திருந்திய குடிகாரன். இந்த ஊரில் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

27-4-2024, சனி

காலையிலேயே காஜா நஜ்முதீன் வந்து இறங்கினார். முகம் சிவந்து கிடந்தது. நேற்று அவர் பள்ளிவாசலிலும் இதே கூத்து: சம்பந்தியைத் திருத்தி நேர்வழிக்குக் கொண்டுவந்தவர் என்று அவருக்குப் பாராட்டாம். கடைக்கு வந்து சால்வை போடப் பார்த்தார்களாம், அதுவும் அவர் கடைச் சால்வையையே எடுத்து.

"நான் சொன்னது தப்பு சம்பந்தி. நாளைக்கே கெளம்புங்க. நானும் வாரேன். பாட்டில, பாட்டில இல்ல, அந்த சிலிண்டரத் தோள்ல தூக்கிட்டுக் கடைத்தெரு வழியா நடப்போம். ஊரே பாக்கட்டும்."

சம்பந்தி என்று முதல் தடவையாகக் கூப்பிடுகிறார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பஹீமா வெளியே வந்தாள். "அப்ப காதுல ஒண்ணும் இல்லையா வாப்பா?" என்று கேட்டுவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்காக அழுகிறாள். இவளுக்காக நான் ஒரு கடலையே கொடுக்கலாம். கொடுக்கத்தான் செய்தேன்.

28-4-2024, ஞாயிறு

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடல் காலியாகக் கிடந்தது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தோம். கேட்டவருக்கெல்லாம் காஜா நஜ்முதீன் நின்று நின்று விளக்கம் சொன்னார்.

அவருடைய பாட்டனார் மரக்கலத்தில் ரங்கூன் போய் வந்த பரம்பரை. இவர் முகத்துவாரம் தாண்டியதும் ஒரு முறை, பாருக்கு மேல் நின்றதும் மூன்று முறை வாந்தி எடுத்தார். "நீங்க எறங்குங்க, நான் கொமிழியப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கினேன். இரண்டரை மாதம்! செப்பிலி மீன்குட்டிகள் கூட்டமாக வந்து சுற்றின. புயலில் போன விசிறிப் பவளத்தின் அடியில் கையகலத்துக்குப் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ஐம்பத்தைந்து நிமிடம். தண்ணீருக்குள்ளேயே துஆ கேட்டேன்.

கரைக்கு வந்தபோது காஜா நஜ்முதீனால் நிற்க முடியவில்லை. கண்ணைத் திறந்தாலே தலை சுற்றுகிறது என்றார். ஒரு பக்கம் நானும் மறு பக்கம் செம்பியனுமாகத் தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றி, அவர் தெருவில் இறக்கி வீடுவரை நடத்திக்கொண்டு போனோம். கால் பின்னியது. சட்டையெல்லாம் வாந்தி. தெருவே வாசலில் நின்று பார்த்தது. வீட்டம்மா கதவைத் திறந்து அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"நீங்களுமா?" என்றார்.

30-6-2024, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. கால் வலி. நாளை எழுதுகிறேன்.

3-7-2024, புதன்

இன்று காலை பஹீமாவையும் சஃப்வானையும் சென்னைக்கு வண்டி ஏற்றிவிட்டு வந்தோம். கடை திறக்க மனமில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னத் எதிரில் உட்கார்ந்திருந்தாள். "கடலுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். இன்று ஞாயிறு இல்லையே என்றேன். "தெரியும், போயிட்டு வாங்க" என்றாள்.

பதினேழு மீட்டர். தண்ணீர் தெளிவு. பொந்துக்கு எதிரே மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். முகமூடிக்குள் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. மூக்கால் ஊதி வெளியேற்றினால் மறுபடியும் சேர்ந்தது. கரைக்கு வந்ததும் ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், கண்ணாடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முகமூடியில் ஒரு கோளாறும் இல்லை.