அம்மா வெளியே வைத்த கம்ப்யூட்டர்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். அனுப்பிய பனியன்கள் வந்து சேர்ந்தனவா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடாது.

போன வாரம் அம்மா உன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டாள். ஏன் என்றதற்கு, "அது கண்ணுல படாம இருந்தாத்தான் எனக்கு ஒரு வாய் இறங்கும்" என்றாள். நான் வேலை முடிந்து வரும்போது மழையில் நனைந்து கிடந்தது. எடுத்து வந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அதைச் சுற்றிப் பெருக்குகிறாள்.

அதில் உருப்படியானதை எடுத்து வேறொரு கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடையில் மெஷினில் சிக்கிய பேப்பரைப் பத்து வருஷமாக எடுக்கிறேன், ஆனால் இது எனக்கு நாய் உருட்டும் தேங்காய்தான், உடைக்கத் தெரியாது. எப்படிக் கழற்றுவது, எழுது.

அக்கா

ஜூன் 15

அக்கா,

பனியன் கிடைத்தது. அளவு சரி.

ஒரு வாரம் நன்றாகக் காயவை. பவர் சப்ளை நனைந்திருக்கும், அதை நம்பாதே, வேறு வாங்கு. உள்ளே கை வைக்கும் முன் இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டுக்கொள். மெமரியின் இரண்டு முனையிலும் சின்னக் கொக்கி இருக்கும், அழுத்தினால் தானே எழும்பும். பிராசசர் மேலுள்ள விசிறியை நேராக இழுக்காதே. பசை காய்ந்து கல்லாகியிருக்கும். சூடு காட்டி, பாட்டில் மூடியைத் திருகுவது மாதிரி அசை. டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்காமல் அழித்துவிடு.

இங்கே எழுத ஒன்றுமில்லை. உள்ளே வந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டதாக ஜெயில் வார்டர் சொன்னார். கம்ப்யூட்டர் யாருக்கு?

தம்பி

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

போர்டு துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. மெமரி, பிராசசர், விசிறி, டிஸ்க் பிழைத்தன. ரிப்பேர் கடைக்காரர் அவற்றுக்குப் பொருந்துகிற பழைய போர்டும் பெட்டியும், புது பவர் சப்ளையும் விலைக்குக் கொடுத்தார். "உடம்பு என்னோடது, உயிர் உங்களோடது" என்றார். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். பட்டனை அழுத்தினேன், விசிறி சுற்றியது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்து "ஓடுதா?" என்றாள். "ஓடுது" என்றேன். அவ்வளவுதான்.

யாருக்கு என்று கேட்டாய். நீ வேன் ஓட்டிக்கொண்டே போனைப் பார்த்தாயே, அப்போது சைக்கிளில் வந்து உயிரை விட்ட எலக்ட்ரீஷியனின் மகளுக்கு. கோர்ட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாளே, அவள். கல்லூரிப் பாடத்தையெல்லாம் உடைந்த போனில் தட்டி, எங்கள் கடைக்குப் பிரிண்ட் எடுக்க வருகிறாள். கட்டைவிரலில் பிளாஸ்திரி. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. கடையில் சும்மா கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா

ஜூலை 14

அக்கா,

அப்படிக் கொடுக்காதே. யாருடையது என்று சொல்லிக் கொடு. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. கேட்காமல் ஒருமுறை அவர்கள் வாழ்க்கைக்குள் புகுந்துவிட்டேன். இன்னொரு முறை வேண்டாம்.

வேறொன்றுமில்லை.

தம்பி

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

சொன்னேன். அவர்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்ச் சொன்னேன். அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். சுவரில் ஒரு சுவிட்ச்போர்டு மூடியில்லாமல் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, அவள் அப்பா பாதியில் விட்ட வேலை போலிருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண், "இதுல எதெல்லாம் உங்க தம்பியோடது?" என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"அதை மட்டும் கழட்டிருங்க."

அவர்கள் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துக் கழற்றினேன். திருகாணிகளை அவள்தான் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"பெட்டி, போர்டு, பவர் சப்ளை எல்லாம் நீங்க வாங்கினதுதானே?"

"ஆமாம்மா."

"அது இருக்கட்டும். மிச்சத்தை நான் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிப் போட்டுக்கறேன். என்ன வாங்கணும்னு எழுதிக் குடுங்க."

வாசல்வரை வந்தாள். "பிரிண்ட் எடுக்க உங்க கடைக்குத்தான் வருவேன். அடுத்த கடை ரொம்ப தூரம்" என்றாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உன் பாகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ் போயிற்று. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

என்ன வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீதான் எழுத வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

மெமரி டி.டி.ஆர். நாலு என்று கேட்டு வாங்கச் சொல். அஞ்சு வாங்கினால் அந்த போர்டில் உட்காராது. எட்டு ஜி.பி. ஒன்று போதும், பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம். பிராசசர் வாங்கும் முன் போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கடையில் காட்டட்டும். விசிறி கூடவே வரும், தனியாக வாங்க வேண்டாம். பசை பட்டாணி அளவு வைத்தால் போதும். டிஸ்க் எதுவானாலும் சரி.

இதை எழுதியது நான் என்று சொல்லிவிடு. நம்ப முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

தம்பி